சுடாத நேரத்துக்கும் ஒப்பீட்டில் ஒரு கட்டம் வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்காவில் மறைத்து எடுத்துச் செல்லப்படும், பாலிமர் என்னும் உறுதியான பிளாஸ்டிக்கால் சட்டகம் அமைந்த சிறிய கைத்துப்பாக்கிகளை ஒப்பிட்டு அண்மையில் தங்கள் நாளிதழில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். க்ளாக் 19, க்ளாக் 43எக்ஸ், சிக் சாவர் பி365, ஸ்பிரிங்ஃபீல்டு ஹெல்கேட், ஸ்மித் அண்டு வெஸ்ஸன் ஷீல்டு பிளஸ் ஆகிய ஐந்தையும் நீளம், அகலம், எடை, தோட்டாக் கொள்ளளவு என்னும் நான்கு கட்டங்களில் அடுக்கி, உருவத்தில் சிறியதாகவும் கொள்ளளவில் பெரியதாகவும் இருப்பதே சிறந்தது என்று கட்டுரையாளர் முடித்திருக்கிறார். எண்களில் குறை சொல்ல அதிகமில்லை. எடுத்துக்கொண்ட அளவுகோலோடுதான் எனக்கு உடன்பாடில்லை. மறைத்து எடுத்துச் செல்லும் கைத்துப்பாக்கி தன் ஆயுளை ஏறத்தாழ முழுவதும் சுடப்படாமலேயே கழிக்கிறது. காலையில் உறையில் ஏறுகிறது, மாலையில் இறங்குகிறது, பெட்டிக்குள் போகிறது, சுத்தம் செய்வதற்காகக் கழற்றப்படுகிறது, மீண்டும் பூட்டப்படுகிறது. விபத்துகளில் பெரும்பாலானவை நேரக்கூடிய தருணங்களும் இவையே. பயிற்சித் தளத்தில் புதியவர்களுக்குப் பாதுகாப்பு முறைகளைச் சொல்லித் தரும் பணியில் இருப்பவன் என்ற முறையில், அந்த நேரத்தைப் பற்றி ஒரு வரியும் இல்லாத ஒப்பீடு பாதி ஒப்பீடுதான் என்று கருதுகிறேன்.

இந்தத் துப்பாக்கிகள் ஏன் இந்த உருவத்துக்கு வந்தன என்பதைத் தெரிந்துகொண்டால் அவற்றின் குறை நிறைகளும் தெளிவாகும். பாலிமர் சட்டகம் கொண்ட கைத்துப்பாக்கியை முதலில் விற்பனைக்குக் கொண்டுவந்தது ஜெர்மனியின் ஹெக்லர் அண்டு கோக் நிறுவனம். அதன் விபி70 1970-இல் வெளியாயிற்று. அது பரவலாக எடுபடவில்லை. அதுவரை துப்பாக்கியே செய்தறியாத காஸ்டன் க்ளாக் உருவாக்கிய க்ளாக் 17-ஐ 1982-இல் ஆஸ்திரிய ராணுவம் ஏற்ற பிறகே பாலிமர் மீதான ஐயம் மெல்ல அகலத் தொடங்கியது. அமெரிக்காவுக்கு அது வந்தபோது, விமான நிலையச் சோதனைக் கருவியின் கண்ணில் படாத பிளாஸ்டிக் துப்பாக்கி என்று ஒரு பீதி கிளம்பியது. சட்டகத்துக்கு மேலே அமர்ந்து ஒவ்வொரு முறை சுடும்போதும் பின்னே போய்வரும் ஸ்லைடும், குழலும், சுருள்வில்லும் எஃகு என்பதால் அந்தப் பீதிக்கு அடிப்படையே இருக்கவில்லை. இருந்தபோதிலும், சோதனையில் புலப்படாத துப்பாக்கிகளைத் தடை செய்யும் சட்டம் 1988-இல் நிறைவேறியது. அது கேட்பது 3.7 அவுன்ஸ், அதாவது ஏறத்தாழ 105 கிராம் எஃகுக்கு இணையாகக் கருவியில் தெரிய வேண்டும் என்பதே. க்ளாக்கின் ஸ்லைடு ஒன்றே அந்த அளவைப் பலமடங்கு தாண்டிவிடும். அதே ஆண்டில் வெளிவந்ததுதான் க்ளாக் 19. முழு அளவுத் துப்பாக்கியின் குழலையும் பிடியையும் சற்றுக் குறைத்து, 15 தோட்டாக்களைத் தக்கவைத்துக்கொண்ட அந்த உருவம் இன்றுவரை 'காம்பேக்ட்' என்ற வகைக்கு அளவுகோலாக இருந்துவருகிறது.

அடுத்த திருப்பம் சட்டத்தால் வந்தது. 1994 முதல் 2004 வரை நடைமுறையில் இருந்த கூட்டாட்சிச் சட்டம், புதிதாகச் செய்யப்படும் மேகசின்களில் (தோட்டாக்களை அடுக்கிப் பிடிக்குள் செருகும் பெட்டிகளில்) பொதுமக்களுக்கு 10 தோட்டாக்களுக்கு மேல் இடமளிக்கக் கூடாது என்றது. பத்துதான் உச்சவரம்பு என்றாகிவிட்டால் பெரிய உடலை எதற்குச் சுமப்பது என்று நிறுவனங்கள் கணக்குப் போட்டன. க்ளாக் 26 போன்ற குட்டையான, தடித்த உருவங்கள் அந்தக் காலத்தில்தான் செல்வாக்குப் பெற்றன. பிறகு தடிமனையும் குறைக்கும் முயற்சி தொடங்கியது. 2012-இல் ஸ்மித் அண்டு வெஸ்ஸன் ஷீல்டும், 2015-இல் க்ளாக் 43-உம் வந்தன. இரண்டும் தோட்டாக்களை ஒன்றன்மேல் ஒன்றாக ஒரே வரிசையில் அடுக்கும் மேகசின் கொண்டவை. உடல் தட்டையாயிற்று, ஆனால் கொள்ளளவு க்ளாக் 43-இல் 6 ஆகவும், ஷீல்டின் குட்டை மேகசினில் 7 ஆகவும் சுருங்கிவிட்டது.

2018 சனவரியில் சிக் சாவர் வெளியிட்ட பி365 இந்தக் கணக்கைக் கலைத்தது. அதன் மேகசினில் தோட்டாக்கள் முழு இரட்டை வரிசையாகவும் இல்லை, ஒற்றை வரிசையாகவும் இல்லை. ஒன்றுக்கொன்று சிறிது விலகிச் சாய்ந்தமர்ந்து, மேல்முனையில் ஒரே வரிசையாகக் குவிகின்றன. ஏறத்தாழ ஓரங்குலம் தடித்த உடலில், 3.1 அங்குலக் குழலோடு, 10 தோட்டாக்கள் அடங்கின. மற்ற நிறுவனங்கள் இதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. 2019-இல் குரோஷியாவின் கார்லோவாட்ஸ் நகரில் தயாராகும் ஹெல்கேட் 11 தோட்டாக்களோடு வந்தது. 2021-இல் ஷீல்டு பிளஸ் குட்டை மேகசினில் 10, நீண்ட மேகசினில் 13 என்று வந்தது. அதே ஆண்டில் ரூகர் மேக்ஸ்-9-உம், டாரஸ் ஜிஎக்ஸ்4-உம் வந்தன. தங்கள் கட்டுரை பெரிதாகப் பேசும் பத்தா பதினொன்றா என்ற போட்டி இந்த ஓட்டத்தில் பிறந்ததே. கலிஃபோர்னியா, நியூயார்க், நியூ ஜெர்சி போன்ற மாநிலங்களில் மேகசினின் உச்சவரம்பு 10 என்பதால், அங்கே வாழ்பவருக்கு அந்தப் பதினொன்றாவது தோட்டா அட்டவணையில் மட்டுமே இருக்கும். ஆகவே கொள்ளளவுக் கட்டத்தில் ஒன்றிரண்டு கூடியிருப்பதை வைத்துத் துப்பாக்கியைத் தேர்ந்தெடுப்பது எனக்குப் பொருளுள்ளதாகத் தோன்றவில்லை.

எடைக் கட்டத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் கட்டுரையாளர் எடை குறைவதை முழுக்க நன்மையாகவே காட்டியிருக்கிறார். க்ளாக் 19-இல் 15 தோட்டாக்களை நிரப்பினால் எடை ஏறத்தாழ 855 கிராம். பி365 வெற்று மேகசினோடு ஏறக்குறைய 500 கிராம், 9 மி.மீ. தோட்டா ஒன்று சுமார் 12 கிராம் என்பதால், பத்தும் நிரம்பினால் 620 கிராம் வரும். இரண்டிலும் ஒரே தோட்டாவைச் சுட்டால் பின்னோக்கி வரும் உந்தம் கிட்டத்தட்ட ஒன்றே. ஆனால் உந்தம் மாறாமல் நிறை குறையும்போது பின்னுதைப்பின் ஆற்றல் அதே விகிதத்தில் கூடும் என்பது பள்ளிப் பாடத்தில் வரும் இயற்பியல்தான். இந்தக் கணக்குப்படி சிறிய துப்பாக்கியின் பின்னுதைப்பு ஆற்றல் பெரியதைவிட மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் அதிகம். குட்டைக் குழலில் தோட்டாவின் வேகம் சற்றுக் குறைவதைக் கழித்தாலும் வேறுபாடு கையில் தெளிவாகத் தெரியும். மேகசின் காலியாகக் காலியாகத் துப்பாக்கி மேலும் இலேசாகி, கடைசித் தோட்டாவில் உதைப்பு முதல் தோட்டாவைவிடக் கூடுதலாக இருக்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம். பிடி குட்டையாக இருந்தால் சுண்டுவிரலுக்கு இடமிருக்காது. உதைப்பு அதிகமாகும் அதே நேரத்தில் அதைத் தாங்க வேண்டிய விரல்களில் ஒன்று வேலையற்றுப் போகிறது. எடுத்துச் செல்ல எளிதானது பயிற்சி செய்யக் கடினமானது என்ற முரண்பாடு இங்கே உருவாகிறது. ஒரு பெட்டித் தோட்டாவைச் சுட்டு முடிப்பதற்குள் கை வலிக்கத் தொடங்கினால், எந்தப் புதியவரும் அடுத்த வாரம் தளத்துக்கு வருவதற்குச் சாக்குத் தேடுவார். சுடுவதற்காக விரலால் இழுக்கும் விசையை இழுக்கும் முன்பே உதைப்பை எதிர்பார்த்துக் கையைக் கீழே தள்ளும் பழக்கமும் அவரிடம் ஊறிவிடும். அந்தப் பழக்கத்தைப் பிறகு போக்குவதைவிட, வராமல் பார்த்துக்கொள்வது எளிது.

சிறிய ஸ்லைடுக்கு வேறொரு விலையும் உண்டு. ஸ்லைடின் நிறை குறையும்போது, அது பின்னோக்கிப் பாயும் வேகத்தைக் கட்டுப்படுத்தச் சுருள்வில் கடினமாக இருக்க வேண்டியிருக்கிறது. வயதானவர்கள், மூட்டுவலி உள்ளவர்கள், கைவலு குறைந்தவர்கள் ஆகியோருக்குச் சில நுண்துப்பாக்கிகளின் ஸ்லைடைப் பின்னிழுப்பதே பெரும்பாடாகிவிடுகிறது. இதற்கென்றே ஸ்மித் அண்டு வெஸ்ஸன் 2018-இல், 9 மி.மீ. தோட்டாவைவிடக் குட்டையான, வலுக் குறைந்த .380 அளவிலும், 2020-இல் 9 மி.மீ. அளவிலும் ஷீல்டு ஈஸி என்ற வகையைக் கொண்டுவந்தது. உள்ளே மறைந்திருக்கும் சுத்தியல் அமைப்பினாலும் இலகுவான வில்லினாலும் அதன் ஸ்லைடு எளிதாக நகரும், பிடியின் பின்புறம் ஒரு பாதுகாப்புத் தகடும் உண்டு. வீட்டில் மூத்தவர் ஒருவருக்காகத் தேடும் வாசகருக்குக் கட்டுரையில் உள்ள ஐந்தையும்விட இதுவே பொருத்தமாக இருக்கக்கூடும். ஆனால் பட்டியலில் அதற்கு இடமே தரப்படவில்லை.

மறைப்பது பற்றியும் ஒரு தவறான எண்ணம் கட்டுரையில் தொனிக்கிறது. துப்பாக்கியின் மொத்த நீளம் குறைந்தால் மறைப்பது எளிது என்று எழுதப்பட்டிருக்கிறது. இடுப்புக்குள் செருகிய உறையில் குழல் கால்சட்டைக்குள் இறங்கிவிடுகிறது. அது 3 அங்குலமா 4 அங்குலமா என்பது வெளியே தெரிவதில்லை, சிலருக்கு நீண்ட குழல் துப்பாக்கியைச் சாயவிடாமல் நிலையாகவும் வைத்திருக்கும். சட்டைக்கு வெளியே புடைத்துக் காட்டிக்கொடுப்பது பிடியின் உயரமும் அதன் கீழ்முனையும்தான். க்ளாக் 43எக்ஸை இதற்கு எடுத்துக்காட்டாகச் சொல்லலாம். ஸ்லைடு க்ளாக் 43-இன் ஸ்லைடு. பிடியின் உயரமோ மேகசினோடு 128 மி.மீ., அதாவது க்ளாக் 19-இன் உயரம்தான். அதன் மெலிந்த உடல் உதவுகிறது, மறுக்கவில்லை. ஆனால் உயரத்தைப் பொறுத்தவரை அது க்ளாக் 19-ஐவிட எளிதாக மறையும் என்று சொல்வதற்கில்லை. அதே பிடியில் நீண்ட ஸ்லைடைப் பொருத்தினால் க்ளாக் 48. மறைவில் இழப்பது சொற்பம், குறிபார்ப்பதிலும் உதைப்பிலும் பெறுவது கணிசம்.

இனி நான் இந்தக் கடிதத்தை எழுதக் காரணமான பகுதிக்கு வருகிறேன். இந்த ஐந்துமே, சுத்தியலுக்குப் பதிலாக வில்லால் உந்தப்படும் ஊசி ஒன்று தோட்டாவின் பின்புறத்தைத் தாக்கும் ஸ்ட்ரைக்கர் அமைப்பு கொண்டவை. வெளியே தெரியும் சுத்தியல் இல்லை. க்ளாக்கில் விரலால் போட்டு விடுவிக்கும் வெளிப்புறப் பாதுகாப்புக் கொக்கி கிடையாது. விசையின் நடுவில் உள்ள சிறு நாக்கு, ஸ்ட்ரைக்கரைத் தடுக்கும் முள், கீழே விழுந்தால் சுடாமல் தடுக்கும் அமைப்பு என்று மூன்று பாதுகாப்புகள் உள்ளே இருக்கின்றன. மூன்றும் விசையை இழுத்தவுடன் ஒன்றன்பின் ஒன்றாக விலகிக்கொள்ளும். துப்பாக்கி தானாகச் சுடாமல் இருக்க அவை போதும். ஆனால் விசையை இழுப்பது விரலா, சட்டையின் ஓரமா, மழைச்சட்டையின் நாடாவா என்று அவற்றுக்குத் தெரியாது. துப்பாக்கியை உறைக்குள் திரும்பச் செருகும்போது துணியோ மற்றெதுவோ விசைவளையத்துக்குள் சிக்கி வெடித்த விபத்துகள் அமெரிக்காவில் காவல்துறையினர் நடுவிலும் நடந்திருக்கின்றன. வயிற்றுக்கு முன்புறம் செருகும் முறையில் குழலின் முனை எந்தத் திசையை நோக்கியிருக்கும் என்பதை வாசகரின் ஊகத்துக்கே விட்டுவிடுகிறேன்.

எனவே ஒப்பீட்டில் முதலில் வர வேண்டிய கேள்வி, பாதுகாப்புக் கொக்கி உள்ள வடிவம் கிடைக்குமா என்பது. ஷீல்டு பிளஸிலும் பி365-இலும் கொக்கி உள்ள வடிவமும் இல்லாத வடிவமும் விற்பனையில் உண்டு. க்ளாக்கைக் கடையில் வாங்கும் பொதுமக்களுக்கு அந்தத் தேர்வு வழக்கமாகக் கிடைப்பதில்லை. கொக்கி வேண்டுமா வேண்டாமா என்பதில் பயிற்சியாளர்களுக்குள் ஒருமித்த கருத்து இல்லை. ஆபத்தான நேரத்தில் அதை விடுவிக்க மறந்துவிடுவார்கள் என்பது ஒரு தரப்பின் வாதம். அன்றாடம் பயிற்சி செய்யும் ஒருவருக்கு அது பழக்கமாகிவிடும், பயிற்சி செய்யாத ஒருவருக்கு உறையில் செருகும் வேளையில் அது உயிர்காக்கும் என்பது என் கருத்து. புதியவர்களுக்குக் கொக்கி உள்ளதையே பரிந்துரைக்கிறேன், உறைக்குள் செருகும்போது அதை மேலே தள்ளிப் பூட்டி, கட்டைவிரலால் மேல்நோக்கியே அழுத்தியபடி செருகச் சொல்கிறேன்.

கழற்றும் முறை அடுத்தது. க்ளாக்கைச் சுத்தம் செய்யக் கழற்றுவதற்கு முன் விசையை ஒருமுறை இழுத்தாக வேண்டும். மேகசினை எடுத்துவிட்டோம் என்ற நம்பிக்கையில் குழலின் பின்முனையில் உள்ள தோட்டா அறைக்குள் ஒன்று எஞ்சியிருப்பதைப் பார்க்காமல் இழுத்து, சுவரையோ கையையோ சுட்டுக்கொண்டவர்கள் இருக்கிறார்கள். துப்பாக்கியின் மீது குற்றமில்லை, கவனக்குறைவுதான் என்று சொல்லலாம், சரிதான். ஆயினும் பி365-ஐ விசையைத் தொடாமலேயே பிரிக்கலாம், ஷீல்டிலும் ஸ்லைடைப் பின்னே பூட்டி உள்ளிருக்கும் ஒரு சிறு நெம்பை இறக்கினால் விசையை இழுக்காமல் கழற்றலாம். இரவு எட்டு மணிக்குக் களைப்போடு துப்பாக்கியைச் சுத்தம் செய்ய உட்காரும் ஒருவருக்கு, இந்த வேறுபாடு பதினொன்றாவது தோட்டாவைவிடப் பயனுள்ளது. தங்கள் அட்டவணையில் இதற்கு ஒரு கட்டம் இருந்திருந்தால், கட்டுரையாளரின் முடிவே மாறியிருக்குமோ என்னவோ.

விசையை இழுக்கத் தேவையான அழுத்தத்தையும் ஒப்பிட்டிருக்கலாம். க்ளாக்கில் ஏறத்தாழ 2.5 கிலோ அழுத்தம் தேவைப்படும் என்பது நீண்டகாலமாகச் சொல்லப்பட்டுவரும் அளவு. இதைவிட இலேசான, குறைந்த தூரமே நகரும் விசையைப் பொருத்திக்கொள்ள வெளிச்சந்தையில் ஏராளமான பாகங்கள் விற்கப்படுகின்றன. போட்டியில் சுடுபவர்களுக்கு அவை ஏற்றவை. இடுப்பில் செருகி நடப்பவர்கள் தொழிற்சாலை பொருத்தியனுப்பிய விசையை மாற்றாமல் விட்டுவிடுவதே நல்லது என்பதைக் கட்டுரை வலியுறுத்தியிருக்க வேண்டும்.

நம்பகத்தன்மை என்று ஒரு சொல் கட்டுரையில் ஐந்தாறு முறை வருகிறது, ஆனால் அதற்கான ஆதாரம் எதுவும் தரப்படவில்லை. திரும்பப் பெறும் அறிவிப்புகளைப் பார்த்திருந்தால் படிக்க நிறையக் கிடைத்திருக்கும். 2013-இல் ஸ்பிரிங்ஃபீல்டு நிறுவனம் எக்ஸ்டி-எஸ் துப்பாக்கிகளைத் திரும்ப அழைத்தது. ஸ்லைடு மூடும்போதே சுட்டுவிடக்கூடும் என்பது காரணம். அதே ஆண்டில் ஷீல்டின் விசையில் உள்ள பாதுகாப்பு அமைப்பைச் சோதித்துக்கொள்ளுமாறு ஸ்மித் அண்டு வெஸ்ஸன் அறிவித்தது. 2017-இல் சிக் சாவரின் பி320 குறிப்பிட்ட கோணத்தில் கீழே விழுந்தால் சுடக்கூடும் என்பது வெளிப்பட்டு, நிறுவனம் விருப்பத்தின் பேரிலான மேம்பாட்டுத் திட்டத்தை அறிவித்தது. அமெரிக்க ராணுவம் அதே வடிவமைப்பின் ஒரு வகையைத் தேர்ந்தெடுத்த ஆண்டும் அதுதான். பி365 வந்த தொடக்க மாதங்களில் ஸ்ட்ரைக்கரின் முனை உடைவது போன்ற புகார்கள் எழுந்து, பாகங்கள் மாற்றியமைக்கப்பட்டன. நான் மேலே பாராட்டிய ஷீல்டு ஈஸி 9 மி.மீ. வகையிலும் 2020-ஆம் ஆண்டின் ஒரு பகுதியில் தயாரானவை சுத்தியல் குறைபாட்டுக்காகத் திரும்ப அழைக்கப்பட்டன. எந்த நிறுவனமும் இதற்கு விலக்கில்லை என்பதால் இவற்றைச் சொல்லி ஒன்றை மட்டும் ஒதுக்கிவிட முடியாது. ஆனால் புதிதாக வந்த வடிவத்தை முதல் ஆண்டிலேயே ஓடிப்போய் வாங்காமல் காத்திருப்பதும், பழையதை வாங்கும்போது வரிசை எண்ணை நிறுவனத்திடம் சரிபார்ப்பதும் எவருக்கும் எட்டும் காரியங்கள்.

வியர்வை பற்றி ஒரு வார்த்தை. பாலிமர் துருப்பிடிக்காது என்பதை வைத்துத் துப்பாக்கியே துருப்பிடிக்காது என்று சிலர் நம்பிவிடுகிறார்கள். உடலோடு ஒட்டிக் கிடக்கும் ஸ்லைடும், குறிபார்க்கும் சைட்டும், திருகுகளும் எஃகுதான்; துருவைத் தடுக்க எஃகின் மேற்பரப்புக்குத் தரும் நைட்ரைடு பதம் நெடுநாள் தாங்கும், என்றும் தாங்காது. வாரத்துக்கு ஒருமுறை துடைத்து, மெல்லிய எண்ணெய்ப் படலம் விட்டால் போதும். சிறு கண்ணாடியில் சிவப்புப் புள்ளியைக் காட்டிக் குறிபார்க்க உதவும் சிவப்புப்புள்ளி சைட் பொருத்தும் வசதியைப் பற்றிக் கட்டுரை நீளமாக எழுதியிருக்கிறது. வசதிதான், முதியவர்களின் பார்வைக்கு உதவவும் செய்யும். ஆனால் முதல் துப்பாக்கி வாங்குபவர் அதற்குச் செலவழிக்கும் தொகையைத் தோட்டாவுக்கும் பயிற்சிக்கும் செலவழித்தால் பலன் அதிகம்.

உறைக்கு ஒரு பத்தியாவது ஒதுக்கப்படாதது எனக்கு வியப்பளிக்கிறது. நல்ல உறை விசைவளையத்தை முழுவதுமாக மூட வேண்டும், துப்பாக்கியை எடுத்த பின்னும் வாய் சுருங்காமல் விறைப்பாக நிற்க வேண்டும், அந்தக் குறிப்பிட்ட வடிவத் துப்பாக்கிக்கென்றே வார்க்கப்பட்டிருக்க வேண்டும். 'எல்லா அளவுக்கும் பொருந்தும்' என்று விற்கப்படும் மெல்லிய துணி உறைகள் இந்த மூன்றிலும் தவறுகின்றன. செருப்பைக் காலுக்கு அளந்து வாங்குவது போல உறையைத் துப்பாக்கிக்கு அளந்து வாங்க வேண்டும். இங்கே க்ளாக் 19-க்கு ஒரு மறைமுக நன்மை இருக்கிறது: முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகப் புழக்கத்தில் இருப்பதால் அதற்குச் செய்யப்படாத உறையே இல்லை எனலாம். புதிதாக வந்த நுண்துப்பாக்கிக்குத் தரமான உறை கிடைக்கச் சில மாதங்கள் ஆகலாம். அந்த இடைவெளியில் ஏதோ ஒன்றில் செருகிச் சமாளிப்பவர்களே நான் மேலே சொன்ன விபத்துகளுக்கு இரையாகிறார்கள்.

தமிழ் வாசகர்களுக்காக எழுதப்பட்ட கட்டுரை என்பதால் இன்னொன்றையும் சுட்ட விரும்புகிறேன். 2022 சூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் புரூன் வழக்கில் அளித்த தீர்ப்புக்குப் பிறகு மறைத்து எடுத்துச் செல்லும் உரிமை விரிவடைந்தது என்றும், பாதிக்கும் மேற்பட்ட மாநிலங்களில் உரிமமே தேவையில்லை என்றும் கட்டுரை சொல்கிறது. இரண்டும் உண்மை. ஆனால் எச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியும் தோட்டாவும் வைத்திருப்பதைக் கூட்டாட்சிச் சட்டம் பொதுவாகத் தடைசெய்கிறது. செல்லத்தக்க வேட்டை உரிமம் வைத்திருப்பது போன்ற சில விலக்குகள் மட்டும் உண்டு. கிரீன் கார்டு என்னும் நிரந்தரக் குடியிருப்பு அட்டை பெற்றவர்களுக்கு இந்தத் தடை இல்லை. மாநிலத்தில் உரிமம் தேவையில்லை என்பதை மட்டும் படித்துவிட்டுக் கடைக்குப் போகும் ஒரு மென்பொருள் பொறியாளர் தம் விசாவையே பணயம் வைக்க நேரிடும் என்பதால், இந்த ஒரு வரி விடுபட்டது சிறு குறையன்று. ஒரு மாநிலத்தின் உரிமத்தை அடுத்த மாநிலம் ஏற்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. அஞ்சல் நிலையம் போன்ற கூட்டாட்சி இடங்களில் எந்த உரிமமும் செல்லாது.

வீட்டில் வைக்கும் முறை பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். உரிமம் பெற்ற விற்பனையாளர் கைத்துப்பாக்கியோடு பூட்டு அல்லது பாதுகாப்புக் கருவி ஒன்றைத் தர வேண்டும் என்று 2005-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்வதால், ஒரு கம்பிப் பூட்டாவது எல்லோரிடமும் இருக்கும். அது அலமாரியின் மூலையில் பிரிக்கப்படாமலேயே கிடப்பதுதான் வழக்கம். துப்பாக்கி உடலில் இல்லாத ஒவ்வொரு நிமிடமும் பூட்டிய பெட்டிக்குள் இருக்க வேண்டும். தலையணைக்கு அடியிலும், காரின் முன்பெட்டியிலும், கைப்பையிலும் வைப்பது குழந்தைக்கும் திருடனுக்கும் எடுத்துக் கொடுப்பதற்குச் சமம். உருவம் சிறுக்கச் சிறுக்கச் சிறு கைக்கும் அது வசப்படும் என்பதை நுண்துப்பாக்கியைப் புகழ்பவர்கள் கவனிப்பதில்லை.

இவ்வளவும் சொன்ன பிறகு என் தேர்வு என்ன என்று கேட்கப்படலாம். முதல் துப்பாக்கி வாங்குபவருக்கு, உடல்வாகும் உடையும் இடங்கொடுத்தால், க்ளாக் 19 அளவில் உள்ள ஒன்றையே சொல்வேன். கற்றுக்கொள்ள அது பொறுமையான துப்பாக்கி. அது பெரிதென்றால் கொக்கியுள்ள ஷீல்டு பிளஸ் அல்லது பி365-இன் சற்றே நீண்ட வடிவமான, 12 தோட்டாக்கள் கொள்ளும் பி365எக்ஸ்எல். அடிப்படை பி365-ஐயும் ஹெல்கேட்டையும் நான் குறைத்து மதிப்பிடவில்லை, பொறியியலில் அவை வியக்கத்தக்கவை. ஆனால் அவை ஏற்கெனவே சுடத் தெரிந்தவர்கள் விரும்பிச் சிறிதாக்கிக்கொள்ளும் கருவிகள், கட்டுரையாளர் சொல்வது போலத் தொடக்கநிலையினருக்கு உரியவை அல்ல. வாடகைக்குத் துப்பாக்கி தரும் தளங்களில் இவற்றில் இரண்டையோ மூன்றையோ ஒரே நாளில் அடுத்தடுத்துச் சுட்டுப் பார்த்தால், எந்த அட்டவணையும் சொல்லாத செய்தியை அவரவர் உள்ளங்கை சொல்லிவிடும்.

இந்தத் தொடரின் அடுத்த பகுதியில் .380 அளவுத் துப்பாக்கிகள் ஒப்பிடப்படும் என்று அறிவித்திருக்கிறீர்கள். அதில் கொள்ளளவுக்கும் எடைக்கும் அருகே, கொக்கி உண்டா, விசையை இழுக்காமல் கழற்ற முடியுமா, விசையின் அழுத்தம் எவ்வளவு, ஸ்லைடைப் பின்னிழுக்க எவ்வளவு வலு வேண்டும், இதுவரை திரும்ப அழைக்கப்பட்டதுண்டா என்னும் ஐந்து கட்டங்களையும் சேர்க்குமாறு கட்டுரையாளரைத் தாங்கள் கேட்டுக்கொள்ள வேண்டுகிறேன். முதல் பகுதியில் வந்த ஐந்துக்கும் அதே விவரங்களை ஒரு சிறு பெட்டிச் செய்தியாக வெளியிட்டால், ஏற்கெனவே படித்துவிட்டவர்களுக்கும் பயன்படும்.

இப்படிக்கு,
தங்கள் நாளிதழின் நெடுநாள் வாசகர்